பின்னால் வருவோரே அளவுகோல்

ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் உற்றுநோக்கிச் சிந்திக்குமாறு அல்லாஹ் தன் அருள்மறையின் 'அல்காஷியா' அத்தியாயத்தில் மாந்தரை அழைக்கின்றான். விரிக்கப்பட்ட பூமிக்கு எங்கள் மரக்காணத்தில் குறைவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளப் பாத்திகள்; அப்பால் கடல். ஆனால் மலையை எங்கள் பிள்ளைகள் அருகிருந்து கண்டதில்லை. எனவே மழைக்காலம் ஓய்ந்த தை மாதத்தில் குடும்பத்துடன் திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்குப் புறப்பட்டோம்.

செஞ்சியின் இராஜகிரி சுமார் 800 அடி உயரமுள்ள பாறைமலை. பயணத்தில் மேட்டில் ஏறும்போது தக்பீரும், இறங்கும்போது தஸ்பீஹும் கூறுவது நபித்தோழர்களின் வழக்கம் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்து, 'அல்லாஹு அக்பர்' என்று கூறியவாறே நான் முன்னே நடந்தேன். மகன்மார் இருவரும் உடன் வந்தனர்.

என் துணைவியார் முழங்கால் வலியுடையவர். பாதி வழியில் ஒரு படியில் அமர்ந்துவிட்டார். "வெயில் ஏறுகின்றது, மெல்ல வந்து சேருங்கள்" என்று கூறிவிட்டு நான் மேலே சென்றேன். இளைய மகள் மட்டும் தாயின் அருகில் நின்றாள். "அத்தா, அம்மாவுக்காகக் கொஞ்சம் நிற்கக் கூடாதா?" என்று அவள் கேட்டது என் செவியில் விழுந்தது. விழுந்தும் நடந்தேன்.

ஆழ்ந்த பாறைப் பிளவின்மேல் அமைந்த பாலத்தைக் கடந்து உச்சியை அடைந்தோம். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டுக் கிடந்த கோட்டை அது. மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கைமாறி, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. கோட்டை இருக்கின்றது, கொற்றங்கள் இல்லை. பூமியில் செருக்குடன் நடப்பவன் மலைகளின் உயரத்தை எட்டிவிட முடியாது என்னும் திருமறையின் எச்சரிக்கையை மகன்மாருக்கு நினைவூட்டினேன்.

அப்பொழுது கீழே நோக்கினேன். தொலைவில் படியொன்றில் வெண்மையாய் ஒரு துப்பட்டி தெரிந்தது. அந்த எச்சரிக்கை மன்னர்களுக்கு மட்டுமா? என் நாவு இறைவனைப் பெரியவன் என்றது. என் கால்களோ என்னையே பெரியவனாக்கின!

உதுமான் இப்னு அபில்ஆஸ் (ரலி) அவர்களை அவர்தம் சமூகத்தாருக்கு இமாமாக நியமித்தபோது, அவர்களுள் மிகவும் பலவீனமானவரையே அளவாகக் கொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கைபரிலிருந்து திரும்பும் வழியில், அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் ஒட்டகத்தில் ஏறுவதற்காக, அருமை நாயகம் (ஸல்) அவர்கள் அமர்ந்து தம் முழங்காலையே படியாக்கித் தந்தார்கள். இந்த நபிமொழிகளைப் பல்லாண்டுகள் மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்தவன் நான். மனைவியின் முழங்கால் நோவுக்கு முன் அவை என் நினைவுக்கு வரவில்லை.

சகோதரர்களே! நம் இல்லங்களில் பலவும் இந்த மலைப்பாதையைப் போன்றே இருக்கின்றன. பயானுக்கு நாம் செல்கின்றோம். உம்ராவுக்கு நண்பர்களுடன் செல்கின்றோம். பிறகு, வீட்டிலுள்ளோருக்கு மார்க்க அறிவு போதவில்லை என்று குறைபடுகின்றோம். அவர்களைப் படியில் அமர்த்தியவர்கள் நாமல்லவா? 'எல்லோருக்காகவும் நின்றால் எப்பொழுது உச்சியை அடைவது?' என்று சிலர் கேட்கலாம். பின்னால் நிற்போர் ருகூவை முடிக்குமுன் தாம் மட்டும் ஸலாம் கொடுத்து எழுந்துவிடுபவரை இமாம் என்போமா? குடும்பத் தலைமையும் அத்தகையதே. இஷாவுக்குப் பின் கால்மணி நேரம் மனைவி மக்களுடன் அமர்ந்து ஓதுங்கள். பெண்மக்களின் வினாக்களைத் தடுக்காமல் கேளுங்கள். உம்ராவுக்குப் பணம் சேர்க்கும்போது இல்லாளின் பங்கையும் சேர்த்தே எண்ணுங்கள்.

'சுப்ஹானல்லாஹ்' என்று கூறியவாறு இறங்கி வந்தோம். என் துணைவியார் குறை ஏதும் கூறவில்லை. "நீங்கள் பார்த்து வந்தீர்களே, அது போதும்" என்றார். அச்சொல் வசையினும் வலித்தது. அவர் அருகில் அமர்ந்தேன். அந்தப் படியிலிருந்தும் மலை அழகாகவே தெரிந்தது. பின்னர் என் தோளைப் பற்றிக்கொண்டு அவர் இறங்க, மற்றவர்கள் அவர் நடைக்கு ஏற்ப நடந்தோம்.

அடிவாரத்தில், 1717-18இல் எழுப்பப்பட்ட சாதத்துல்லா கான் பள்ளிவாசல் நிற்கின்றது. அதனைக் கண்டபோது ஸஜ்தா நினைவுக்கு வந்தது. நெற்றி மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்கும்போதன்றோ, இறைவன் மிக உயர்ந்தவன் என்று நாம் துதிக்கின்றோம்! எங்கள் ஊர் உப்பும் தாழ்ந்த நிலத்தில்தான் விளைகின்றது. கரைந்து மறைந்தே உணவுக்குச் சுவை தருகின்றது. நம் இல்லங்களில் அவ்வாறு கரைந்துகொண்டிருப்போரை மறவாதிருப்போமாக!

பின்னால் வருவோருக்காகக் காத்து நிற்கும் பொறுமையை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்கி அருள்வானாக! ஆமீன்.