குட்டா, சலாமா?

எங்கேயாவது ஓர் உப தேர்தல் வந்துவிட்டால் நமது பத்திரிகைகளுக்கு ஜோசியப் பைத்தியம் பிடித்துக்கொள்கிறது. "இந்தத் தொகுதியில் ஜயிக்கும் கட்சியே அடுத்த பொதுத் தேர்தலிலும் ஜயிக்கும்" என்று ஒரு பத்திரிகை எழுதும். "இது நாட்டின் நாடித் துடிப்பு" என்று இன்னொன்று எழுதும். எல்லா ஊர் ஜனங்களின் சார்பிலும் ஒரே ஓர் ஊர்க்காரர்கள் கையை நீட்டி நாடி காட்டுகிறார்களாம்! இந்த ஜோசியம் எவ்வளவு தூரம் பலித்திருக்கிறது, உப தேர்தலின் உண்மையான உபயோகந்தான் என்ன என்பதை இந்த வாரம் சற்று விசாரிப்போம்.

ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுப் போடுகிறோம். நடுவில் சர்க்காரைக் கணக்குக் கேட்பது எப்படி? ஆள்பவர்கள் தாமாகவே பொறுப்பை ஏற்பது ஒரு வழி. இதைப் பற்றி அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்தவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23-ந் தேதி, அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140 பேருக்கு மேல் மாண்டனர். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமாச் செய்தார். அந்தப் பாலத்தை அவர் கட்டவில்லை. வண்டியை அவர் ஓட்டவுமில்லை. ஆயினும் பொறுப்புத் தம்முடையது என்று கருதினார். எல்லா மந்திரிகளிடமும் இத்தகைய மனச்சாட்சியை எதிர்பார்க்க முடியுமா? முடியாது. ஆகவேதான் இரண்டாவது வழி ஒன்று வேண்டியிருக்கிறது. அதுதான் உப தேர்தல்.

★

இங்கிலாந்தில் முன்னாளில் விசித்திரமான விதி ஒன்று இருந்தது. பார்லிமெண்டு அங்கத்தினர் ஒருவர் மந்திரியானால், தம் பதவியை விட்டுவிட்டு மறுபடியும் தம் தொகுதி ஜனங்களிடம் போய் ஓட்டுக் கேட்க வேண்டும். பிற்காலத்தில் இந்தியாவுக்குச் சுதந்திரம் கூடாது என்று பிடிவாதம் பிடித்தாரே, அதே சர்ச்சில் துரை 1908-ல் மந்திரியானதும் இப்படித்தான் மான்செஸ்டருக்குப் போனார். ஜனங்கள் அவரைத் தோற்கடித்து அனுப்பிவிட்டார்கள். அவர் ஸ்காத்லாந்திலுள்ள டண்டீ என்ற ஊரைத் தேடிப் போய் ஜயிக்க வேண்டியதாயிற்று. அந்த விதி 1926-ல் முற்றும் ஒழிந்தது. ஆனால் மந்திரிகளைத் தலையில் குட்டும் வழக்கத்தை அந்நாட்டு ஓட்டர்கள் விட்டுவிடவில்லை.

1959-ல் ஆர்ப்பிங்டன் தொகுதியில் கன்ஸர்வேடிவ் கட்சி 14,760 ஓட்டு வித்தியாசத்தில் ஜயித்தது. 1962 மார்ச்சில் அதே தொகுதியில் உப தேர்தல் வந்தது. லிபரல் அபேட்சகர் எரிக் லப்பக் 7,855 ஓட்டு அதிகம் பெற்று ஜயித்தார். ஆளுங் கட்சியில் அதிருப்தி கொண்டவர்கள் அவருக்கு ஓட்டளித்தனர். தங்கள் அபேட்சகருக்கு ஜயமில்லை என்று கண்ட தொழிற் கட்சிக்காரர் பலரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டனர். 'லிபரல் யுகம் பிறந்துவிட்டது' என்று பேச்சுக் கிளம்பியது. 1964 பொதுத் தேர்தலில் அந்த யுகத்துக்குக் கிடைத்தவை 9 ஸ்தானங்கள்!

காரணம் எளிது. ஒரு தொகுதி போனால் சர்க்கார் கவிழாது என்று ஓட்டருக்குத் தெரியும். எனவே பயமில்லாமல் ஒரு குட்டு வைக்கிறார். பொதுத் தேர்தல் வந்ததும், 'அடுத்து ஆள்வது யார்?' என்ற வேறு கேள்வி எழுகிறது. வேறு விடை கொடுக்கிறார்.

★

நமது ஊருக்கு வருவோம். உப தேர்தலில் சர்க்கார் கவிழாது என்பது தமிழ்நாட்டு ஓட்டருக்கும் தெரியும். ஆனால் அதிலிருந்து அவர் நேர் எதிரான முடிவுக்கு வருகிறார். "சர்க்கார் எப்படியும் இருக்கப் போகிறது. எதிர்க் கட்சிக்காரரை அனுப்பினால் நம் ஊருக்குச் சாலை வருமா, தண்ணீர் வருமா?" என்று எண்ணிச் சலாம் போடுகிறார். 2006 முதல் 2016 வரை இரண்டு கட்சிகள் அடுத்தடுத்து ஆண்டன. அந்தப் பத்து வருஷத்தில் நடந்த சட்டசபை உப தேர்தல்களை அந்தந்தக் காலத்து ஆளுங் கட்சியின் கூட்டணியே தொடர்ந்து ஜயித்து வந்தது. ஆளுங் கட்சி மண்ணைக் கவ்விய இரண்டு பெரிய உப தேர்தல்கள், 1973-ல் திண்டுக்கல், 2017-ல் ராதாகிருஷ்ணன் நகர். இரண்டுமே அந்தக் கட்சிக்குள் பங்காளிச் சண்டை மூண்ட பிறகு நடந்தவை.

இந்தச் சலாமை வைத்து எதிர்காலத்தைக் கணிக்கப் போனால் என்ன ஆகும்? 2009 ஜனவரியில் திருமங்கலத்தில் தி.மு.க. பெருவெற்றி பெற்றது, 2011-ல் அதே திருமங்கலத்தை இழந்தது. 2010-ல் பென்னாகரத்தில் அ.தி.மு.க. டிபாஸிட்டை இழந்தது, மறு வருஷமே ஆட்சியைப் பிடித்தது. ராதாகிருஷ்ணன் நகரில் தி.மு.க. டிபாஸிட்டை இழந்தது, 2021-ல் ஆட்சியைப் பிடித்தது. அங்கே 40,707 ஓட்டு வித்தியாசத்தில் வாகை சூடிய தினகரனின் கட்சிக்கு 2021-ல் ஓர் ஸ்தானங்கூடக் கிடைக்கவில்லை. 'டிபாஸிட் போனால் ராஜ்யம் வரும்' என்று எந்தப் பத்திரிகையாவது எழுதியிருந்தால் பெரும் புகழ் பெற்றிருக்கும். திண்டுக்கல் ஜோசியம் 1977-ல் பலித்தது உண்மை. நின்றுபோன கடிகாரமும் தினம் இரண்டு தடவை சரியான மணி காட்டத்தான் செய்கிறது!

★

பத்திரிகைகள் ஜோசியம் சொல்வதோடு நின்றால் பாதகமில்லை. ராஜாவை நியமிக்கவும் அவற்றுக்கு ஆசை வந்துவிடுகிறது. 1931-ல் லண்டன் செயிண்ட் ஜார்ஜஸ் தொகுதி உப தேர்தலில், பீவர்புரூக், ராதர்மியர் என்ற இரு பத்திரிகைப் பிரபுக்கள், கன்ஸர்வேடிவ் தலைவர் பால்ட்வினைக் கவிழ்ப்பதற்காகத் தங்கள் அபேட்சகரைப் போட்டியிடச் செய்தார்கள். பத்திரிகைகள் நாள்தோறும் முழங்கின. பால்ட்வினோ, 'பொறுப்பில்லாத அதிகாரம் தேடுகிறார்கள்' என்று மேடையில் இடித்துரைத்தார். முடிவில் பால்ட்வினின் ஆள் டஃப் கூப்பர் 5,710 ஓட்டு அதிகம் பெற்று ஜயித்தார். பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கினார்களே தவிர, அதன் புத்திமதியை ஜனங்கள் வாங்கவில்லை.

இங்கே 1973 மே 11-ல் 'உலகம் சுற்றும் வாலிபன்' திரைக்கு வந்தது. மே 20-ல் திண்டுக்கல்லில் ஓட்டுப் பதிவு. எந்தப் பத்திரிகைக்கும் இல்லாத சக்தி வெள்ளித்திரைக்கு இருந்தது. 2017-லோ பிரசாரம் ஓய்ந்த பிறகு, ஓட்டுப் பதிவுக்கு முதல் நாள், மறைந்த முதல் மந்திரி ஆஸ்பத்திரியில் இருந்த படம் ஒன்று வெளியிடப்பட்டது. அதை ஒளிபரப்ப வேண்டாம் என்று தேர்தல் அதிகாரிகள் தொலைக்காட்சிகளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. சிந்திப்பதற்காகச் சட்டம் ஒதுக்கியிருக்கும் 48 மணி நேர அமைதி கண்ணீரில் கரைந்தது.

இவற்றையெல்லாம் விடப் பொல்லாதது ஒன்று உண்டு. திருமங்கலத்தில் காலைப் பத்திரிகைக்குள் கவர் வைத்து, அதில் ரூபாய் நோட்டுக்களையும் ஓட்டுச் சீட்டையும் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள் என்று, 2011-ல் வெளியான அமெரிக்கத் தூதராலயக் குறிப்பு ஒன்று கூறிற்று. ராதாகிருஷ்ணன் நகரில் 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த தேர்தலைப் பண விநியோகம் காரணமாகத் தேர்தல் கமிஷனே ரத்துச் செய்தது. டிசம்பரில்தான் மறுபடி நடந்தது.

★

நாளைக்கே பெரம்பலூரிலோ குன்னத்திலோ, அரியலூரிலோ ஜயங்கொண்டத்திலோ ஓர் உப தேர்தல் வரலாம். தேதி அறிவிப்பதற்கு முன்பே சிமெண்டு லாரிகள் ஓடிக் குழி விழுந்த சாலைகள் மளமளவென்று செப்பனிடப்படும். மந்திரிகள் மக்காச்சோளக் கொல்லையில் இறங்கிக் கதிரைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அப்பொழுது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இத்தனை நாள் இல்லாத பணம் இன்று எங்கிருந்து வந்தது?" இந்தக் கேள்விக்கு மந்திரி திருப்தியான பதில் சொன்னால் சலாம் போடலாம், சொல்லாவிட்டால் குட்டலாம். இரண்டும் ஜனங்களின் உரிமை.

பணம் வாங்கியவர்களில் பலர் அதை நன்றிக் கடனாக நினைக்கிறார்கள். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று வளர்ந்த ஜனங்கள் அல்லவா! ஆனால் தன் வீட்டு உப்பைப் போட்டவருக்குத்தான் அந்த நன்றி உரியது. நம் பானையிலிருந்தே எடுத்து நமக்குப் பரிமாறுகிறவருக்கு என்ன கடன் இருக்கிறது? கொடுப்பது மட்டுமன்று, வாங்குவதும் குற்றம் என்றுதான் சட்டம் சொல்கிறது.

குட்டுவதானாலும் சலாம் போடுவதானாலும் கை காலியாக இருக்க வேண்டும். நோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் கையால் இரண்டில் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது.