அடி விழுவது குடும்ப விவகாரமா?



காலைப் பெரட்டில் பெயர் பதியும் கிராணி நான். முகம் வீங்கிய பெண் "படியில் விழுந்தேன்" என்கிறாள். லயமே அறிந்த பொய்! நானும் தலையாட்டிவிட்டுப் பெயரைப் பதிந்தவன்தான். அந்த வெட்கத்தோடு எழுதுகிறேன்.

"குடும்ப விவகாரத்தில் சங்கத்துக்கு என்ன வேலை?" என்கிறார்கள் சிலர். சம்பளத்தில் ஒரு வெள்ளி குறைந்தால் கொதித்தெழும் நாம், பக்கத்து வீட்டில் பல் உடையும்போது கதவைச் சாத்திக்கொள்வதா?

1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 1996 முதல் நடப்பில் இருக்கிறது. 2018 முதல், சமூகநல அதிகாரியே 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்கலாம். விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். 15999 என்ற தொலைபேசி இரவும் பகலும் உதவுகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் உண்டு.

ஆனால், பஸ் காசும் துணையும் இல்லாத பெண்ணுக்கு இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்! டவுனுக்குப் போகும் செலவைக் கிளை ஏற்கட்டும். துணைக்கு ஒரு தோழியை அனுப்பட்டும். அடித்தவன் சங்கத்து ஆளாயினும் மறைக்காதீர்!

துரைக்கு அஞ்சாத சங்கம், தன் உறுப்பினனின் முரட்டுக் கைக்கு அஞ்சலாமா?