குடிக்கூலியும் உயிர்க்காவலும்

'வீடு' என்னும் சொல் 'விடு' என்னும் பகுதியினின்று பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று இலக்கண வகுப்பிற் கற்றோம். விடுதல் என்பதே அதன் பொருள். ஆதலின், உள்ளிருப்போர் வேண்டும்போது விட்டு வெளியேற இயலாத கட்டிடத்தை வீடு என வழங்குதல் பொருந்துமோ என்னும் ஐயம் எனக்குச் சில நாட்களாக உண்டு. இந்த ஐயம் சொல்லாராய்ச்சி பற்றியதன்று, உயிர் பற்றியது.

தீயினால் மக்கள் மாண்டனர் எனக் கேட்குந்தோறும் நாம் 'விபத்து' என்று சொல்லி அமைகின்றோம். 'விதி' என்பாரும் உளர். பொறி தோன்றுதல் தற்செயலாக இருக்கலாம். ஆனால் தீப்பட்ட இடத்தினின்று மக்கள் வெளியேற முடியாமற் போதல் பெரும்பாலும் தற்செயலன்று. யாரோ ஒருவர் வழியை அடைத்தார். யாரோ ஒருவர் கதவைத் தாழிட்டார். யாரோ ஒருவர் கண்டும் காணாதிருந்தார். அந்த ஒருவர் யாவர் என வினவுவதே சட்டத்தின் பணி. கட்டிடத்தைத் தம் ஆளுகையில் வைத்து அதனாற் பொருள் பெறுகின்றவரே அவர் என்பது என் துணிபு.

இதனை விளக்கத் தில்லியில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவேன். தென்தில்லியைச் சேர்ந்த கிரீன் பார்க்கில் 'உபஹார்' என்னும் திரையரங்கு இருந்தது. அதன் தரைத்தளத்தில் மின்வாரியத்தின் மின்மாற்றி ஒன்றும், அதனருகே கார்கள் நிறுத்துமிடமும் இருந்தன. 1997 ஆம் ஆண்டு ஜூன் 13 ஆம் நாள் காலை அம்மின்மாற்றி தீப்பற்றியது. பழுதை அரைகுறையாகச் சீர்செய்து மீண்டும் இயக்கினர். மாலை ஐந்து மணியளவில் அது மறுபடியும் பற்றியது. ஒழுகிய எண்ணெய் எரிந்தது, கார்கள் எரிந்தன, புகை மாடிப்படியைப் புகைபோக்கியாகக் கொண்டு மேல்மாடத்தை அடைந்தது. அங்கே வலப்புற வழி கூடுதல் இருக்கைகளால் அடைபட்டிருந்தது, கதவு தாழிடப்பட்டிருந்தது, விளக்குகள் அவிந்தன, வெளியேறுமாறு அறிவிப்பார் எவருமிலர். 59 பேர் மாண்டனர். அவர்களைக் கொன்றது சுடரன்று, புகையே.

உரிமையாளர் கூறிய விடை யாது? மின்மாற்றி மின்வாரியத்தினது என்றனர். அரங்கு அரசின் இசைவு பெற்று நடந்தது என்றனர். அன்றாட நிர்வாகம் தம் கையில் இல்லை என்றனர். உச்சநீதிமன்றம் இவற்றை ஏற்கவில்லை. 2011 இல் இழப்பீட்டு வழக்கில், நூற்றுக்கு 85 பங்கு அரங்கத்தாரும் 15 பங்கு மின்வாரியத்தாரும் பொறுக்கவேண்டும் என்று வகுத்தது. 2014 இல் குற்றவழக்கில், கட்டிடத்தை ஆள்வோர்க்கு அதனுள் வருவோரின் உயிரைக் காக்கும் கடமையும் உண்டு என்று கூறி, உரிமையாளர் குற்றவாளிகளே என உறுதிசெய்தது. பதவியைத் துறந்தவர் ஆளுகையைத் துறவாதிருப்பின் கடமையையும் துறந்தவராகார் என்பதே இதன் கருத்து.

இசைவுச்சீட்டு இருந்ததே என்பார்க்கும் இவ்வரலாறு விடை தருகின்றது. 1983 இல் குறைகள் கண்டு உபஹாரின் உரிமம் நிறுத்தப்பட்டது. அரங்கத்தார் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றனர். அதன்பின் தற்காலிக இசைவுகளைக் கொண்டே அரங்கு பல்லாண்டு நடந்தது. சீட்டு புதுப்பிக்கப்பட்டது; வழி திறக்கப்படவில்லை. அதிகாரியின் கையெழுத்துத் தாளைக் காக்குமேயன்றி ஆளைக் காவாது.

நிற்க. தண்டனையை மிகுத்தால் இக்குறை தீருமோ? கவனமின்மையால் உயிரிழப்பு விளைத்தார்க்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவு இரண்டாண்டுக்கு மேற்பட்ட சிறை விதிக்கவில்லை. உபஹார் உரிமையாளர் இருவர்க்கு 2015 இல் ஆளுக்கு 30 கோடி ரூபாய் செலுத்துமாறு ஆணையாயிற்று. செலுத்தினால், அதுவரை கழிந்த சிறைக்காலமே போதுமென்று அமைந்தது. 2017 இல் அவருள் ஒருவர் எஞ்சிய காலத்தையும் சிறையிற் கழிக்கவேண்டும் என நீதிமன்றம் பணித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 106 ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கின்றது. இது நன்றே. ஆயினும் தண்டனை தீக்குப் பின் வருவது. கடமையோ தீக்கு முன் செய்யப்படுவது.

இவ்வகையில் இங்கிலாந்தின் முறை ஒன்று கருதத்தக்கது. 2006 முதல் அங்கே வழங்கிவரும் ஆணைப்படி, வேலையிடங்கட்கும் அடுக்குமாடிகளின் பொதுவிடங்கட்கும் 'பொறுப்பாளர்' ஒருவர் உண்டு. தீ எழக்கூடிய ஏதுக்களை முன்கூட்டியே ஆராய்ந்து, வெளியேறும் வழிகளைத் திறந்துவைத்தல் அவர் கடன். அந்நாட்டிலும் 2017 ஜூன் 14 ஆம் நாள் இலண்டன் கிரென்ஃபெல் மாடத்தில் தீ எழுந்து 72 பேர் மாண்டனர் என்பதை மறுப்பதற்கில்லை. அதன்பின் 2021 இல் இயற்றிய சட்டம், அடுக்குமாடியின் புறச்சுவரும் குடியிருப்புகளின் வாயிற்கதவும் அப்பொறுப்பில் அடங்கும் என ஐயமறக் கூறிற்று. பொறுப்பின் எல்லையைத் தெளிவாக வரைதலே அவர்கள் கண்ட வழி. நம் நாட்டிலும் குடிக்கூலி ஒப்பந்தம் எழுதுங்கால், வழிக்கும் கதவுக்கும் மின்கம்பிக்கும் பொறுப்பாவார் இன்னார் எனப் பெயர் குறித்தல் வேண்டும்.

சிறு வீட்டுக்காரர்க்கு இச்சுமை தகுமோ என்று சிலர் வினவலாம். படியைத் தடையின்றி வைத்தலும், உள்ளிருந்து சாவியின்றித் திறக்குமாறு கதவை அமைத்தலும், பழுதுற்ற கம்பியை மாற்றுதலும் பெருஞ்செலவல்ல. குடியிருப்போர் உடன்பட்டே வந்தனர் என்பதும் விடையாகாது. தலைசாய்க்க இடம் தேடி வருபவன் தாழ்ப்பாளைச் சோதித்து வருவதில்லை.

இவ்வளவும் எழுதும் எனக்குத் தயக்கம் ஒன்று உண்டு. என் தந்தையாரும் ஒரு வீட்டுக்காரர். எங்கள் மாடியில், கடைகளில் வேலைசெய்யும் இளைஞர் எழுவர் குடியிருக்கின்றனர். மாடிக்கு ஒரே படி. படியின்கீழ் மின்மானிப் பலகை. அதனடியில் இரவுதோறும் நான்கு மோட்டார் சைக்கிள்கள். படியின் வாயிலில் இரும்புக் கிராதிக் கதவு; இரவு பத்து மணிக்குப் பூட்டப்படும்; சாவி தந்தையாரின் தலையணையின்கீழ் இருக்கும். உபஹார் வழக்கைப் படித்த பின், அப்படியைக் கடக்குந்தோறும் என் நெஞ்சு துணுக்குற்றது.

விடுமுறையில் தந்தையாரிடம் இதனைச் சொன்னேன். "இருபது வருஷமாக ஒன்றும் நேரவில்லையே, திருட்டுக்குப் பயந்து அவர்களேதாம் பூட்டச் சொன்னார்கள்" என்றார். அவர் கொடியவரல்லர், வாடகை இரு மாதம் தாழ்ந்தாலும் கடிந்து பேசாதவர். மாடியிலிருப்போரையும் கேட்டேன். "ஐயா பார்த்துக்கொள்வார்" என்றனர். அச்சொல்லே என்னை மிகவும் வருத்திற்று. அவர்கள் ஐயாவை நம்பி உறங்குகின்றனர். ஐயா இருபது வருஷத்தை நம்பி உறங்குகின்றார்.

வேதாகமத்தில் உபாகமம் 22 ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. புது வீடு கட்டுகின்றவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்புதல் வேண்டும். எழுப்பாமல் எவனேனும் விழுந்து இறந்தால் பழி அவ்வீட்டைச் சேரும் என்பது அதன் கருத்து. விழுந்தவன் ஏன் ஓரத்தில் நின்றான் என்று அக்கட்டளை கேட்கவில்லை. அப்பகுதியைத் தந்தையார்க்கு வாசித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மோட்டார் சைக்கிள்கள் இப்பொழுது தெருப்பக்கத்து முற்றத்தில் நிற்கின்றன. கிராதிக் கதவுக்கு உள்ளிருந்து திறக்கும் தாழ் அமைக்க ஆளை அழைப்பதாகத் தந்தையார் சொல்லியிருக்கின்றார், இன்னும் அழைக்கவில்லை. இம்மலர் அச்சேறி எங்கள் இல்லம் சேருமுன் அழைப்பார் என்று நம்புகின்றேன். அழையாவிடில், இப்பக்கத்தை விரித்து அவர் தலையணையின்மேல் வைப்பேன்.