மும்தாஸ் கானும் எமது ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகளும்

2022 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை. ரமழானின் முதல் வாரம். தென்னாபிரிக்காவின் பொட்செஃப்ஸ்ட்ரூம் நகரில் பெண்களுக்கான கனிஷ்ட உலகக் கிண்ண ஹொக்கி கால் இறுதியில் இந்தியாவும் தென் கொரியாவும் மோதின. முதல் கோலை அடித்தவர் 19 வயதான மும்தாஸ் கான். அந்நேரம் லக்னோ நகரில் அவரது உம்மா மரக்கறி வண்டியடியில் வியாபாரத்தில் இருந்தார். வாப்பா பள்ளிவாசலில். சகோதரிகள் ஐவரும் வீட்டில் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தச் செய்தி வந்தபோது நாமும் பகிர்ந்தோம், 'மாஷா அல்லாஹ்' என்று எழுதினோம். மரக்கறி வியாபாரியின் மகள் உலகக் கிண்ணத்தில் என்பது கேட்க இனிமையான கதைதான். ஆனால் அந்தப் பிள்ளையை வண்டியடியிலிருந்து மைதானம் வரை கொண்டு சேர்த்தது எது என்று நாம் கேட்கவில்லை. கலகெதரையில் இருந்துகொண்டு பார்க்கும்போது எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

மும்தாஸ் முதலில் ஓட்டக்காரி. பாடசாலை ஓட்டப் போட்டியில் அவருடைய வேகத்தைக் கண்டவர்கள்தான் ஹொக்கியின் பக்கம் திருப்பினார்கள். லக்னோவின் கே.டி. சிங் பாபு மைதானத்தில் நீலம் சித்தீக்கி என்ற பெண் பயிற்றுநர் அவரைப் பொறுப்பெடுத்தார். அந்த மைதானத்தோடு மாநில அரசின் விளையாட்டு விடுதி ஒன்றும் உண்டு. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. வண்டி வியாபாரத்தில் பிள்ளைகளை வளர்க்கும் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. மகளை விளையாட விட்டதற்காக அக்கம்பக்கத்தாரின் ஏச்சும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அது எமக்கும் பழக்கமான ஏச்சு.

2018இல் ஆர்ஜென்டினாவில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் ஐவர் ஹொக்கியில் இந்தியப் பெண்கள் வெள்ளி வென்றார்கள். பொட்செஃப்ஸ்ட்ரூமில் மும்தாஸ் 6 போட்டிகளில் 8 கோல் அடித்தார். மலேசியாவுக்கு எதிராக மூன்று. வெண்கலத்துக்கான போட்டியில் இங்கிலாந்துக்கு எதிராக இந்தியா அடித்த இரண்டு கோல்களும் அவருடையவை. ஆட்டம் 2-2 என முடிந்து, சூட்-அவுட்டில் பதக்கம் கைநழுவியது. அதே ஆண்டு சர்வதேச ஹொக்கி சம்மேளனம் அவரை ஆண்டின் வளர்ந்துவரும் வீராங்கனையாகத் தெரிவு செய்தது.

பத்திரிகைகள் கதையை அத்தோடு முடித்துவிட்டன. அவருக்கு அதன் பிறகுதான் கடினமான காலம். உலக விருது பெற்ற பிள்ளை தேசிய சிரேஷ்ட அணியில் நிலையான இடம் பிடிக்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2023இல் ஜப்பானில் கனிஷ்ட ஆசியக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். அந்த ஆண்டின் இறுதியில் சிலியில் நடந்த கனிஷ்ட உலகக் கிண்ணத்தில் இந்தியாவுக்கு 9ஆம் இடம்தான். 2024 ஜனவரியில் சிரேஷ்ட அணி ராஞ்சியில் ஒலிம்பிக் தகுதிகாண் போட்டியில் ஆடியது; அதில் மும்தாஸ் இல்லை. அந்த மாதம் மஸ்கட்டில் நடந்த ஐவர் உலகக் கிண்ணத்தில் ஆடி வெள்ளியோடு திரும்பினார். கடைசியில் 2025 செப்டெம்பரில் சீனாவின் ஹாங்சோவில் ஆசியக் கிண்ணம். சிங்கப்பூருக்கு எதிராக மூன்று கோல். இறுதிப் போட்டியில் இந்தியா சீனாவிடம் 4-1 எனத் தோற்று வெள்ளி பெற்றது.

இந்த இடைக்காலத்தில் அவரைத் தாங்கியது திறமை மட்டும் என்று நான் நம்பவில்லை. விடுதி, பயிற்சி முகாம், உள்நாட்டுப் போட்டிகள் என்று ஒரு அமைப்பு இருந்தது. தெரிவாகாத ஆண்டிலும் விளையாட ஓர் இடம் இருந்தது.

எங்களிடம் என்ன இருக்கிறது? இலங்கைப் பெண்கள் 2016இல் குவாஹாத்தியில் நடந்த தெற்காசிய விளையாட்டு விழாவில் வெள்ளி வென்றார்கள். இறுதிப் போட்டியில் இந்தியாவிடம் 10-0. ஹாங்சோ ஆசியக் கிண்ணத்தின் எட்டு அணிகளில் இலங்கை இல்லை. இடைவெளி அவ்வளவு. ஆனாலும் மத்திய மாகாணத்துக்கு ஹொக்கி புதிதல்ல. மாத்தளை இந்த நாட்டு ஹொக்கியின் தாய்வீடு, அங்கே செயற்கைத் தரை மைதானமும் உண்டு. புல் தரையில் பந்து எப்படித் துள்ளும் என்று சொல்ல முடியாது. செயற்கைத் தரையில் அது நேராக, வேகமாக ஓடும். புல்லில் மட்டுமே பழகிய பிள்ளை அங்கே போய் நின்றால் முதல் பத்து நிமிடமும் தடுமாற்றம்தான். ஆகவே கிழமைக்கு ஒருநாளாவது அந்தத் தரையில் கால் வைக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். கலகெதரையிலிருந்து மாத்தளைக்குப் போவதென்றால் கட்டுகஸ்தோட்டையில் இறங்கி பஸ் மாற வேண்டும். மாலைப் பயிற்சி முடிந்து திரும்பும்போது மஃரிப் தாண்டிவிடும். எட்டாம் தரம் வரை ஓடித் திரிந்த பிள்ளை ஒன்பதாம் தரத்தில் நிறுத்தப்படுவது பெரும்பாலும் இதனால்தான். பெற்றோர் மார்க்கத்தைக் காரணமாகச் சொல்வார்கள். கொஞ்சம் பேசிப் பார்த்தால் பஸ், இருட்டு, கூடவரும் பெண் ஆசிரியை இல்லாமை, சாதாரண தரப் பரீட்சை, ஹொக்கி மட்டையின் விலை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். இவற்றில் எதற்கும் ஃபத்வா தேவையில்லை.

உடைப் பிரச்சினை நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மும்தாஸ் அணியின் வழமையான சீருடையில் ஆடுகிறார். அது அவருடைய தீர்மானம், அவருடைய குடும்பத்தின் தீர்மானம். மலேசியத் தேசிய அணியில் தலையை மூடி, முழுக்கையும் நீண்ட காலுறையும் அணிந்து ஆடும் வீராங்கனைகளைக் காணலாம். ஈரானியப் பெண்கள் உள்ளக ஹொக்கியில் தலை மூடியே ஆசியப் போட்டிகளில் ஆடுகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் இந்தப் படங்களைக் காட்டினால் பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஊரில் வருடா வருடம் பரிசளிப்பு விழாக்கள் நடக்கின்றன. மேடை, பந்தல், பொன்னாடை, பகல் சாப்பாடு. வென்று வந்த பிள்ளைக்கு நினைவுச் சின்னம் கொடுக்க எமக்கு ஆட்கள் குறைவில்லை. அந்தச் செலவில் ஒரு பகுதியை எடுத்தால் பத்துப் பிள்ளைகளுக்கு சனிக்கிழமை காலையில் ஒரு வேன் பிடிக்கலாம், கூடப்போகும் ஆசிரியைக்கு ஒரு கொடுப்பனவு வைக்கலாம். காலை என்றால் இருட்டுப் பிரச்சினையும் இல்லை, ளுஹருக்கு முன் வீடு வந்துவிடலாம். பள்ளிவாசல் நிருவாகமும் பழைய மாணவர் சங்கமும் சேர்ந்து ஒரு தவணைக்கு இதைச் செய்து பார்க்கட்டும். வேனுக்கான கணக்கை யாராவது கேட்டால் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க நான் தயார்.