வறட்சிக்குக் கூண்டு ஏற்றுவது யார்?

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் போதும், பாம்பன் முதல் எண்ணூர் வரை துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிடும். அதிகாரிகள் கடலோரத்தில் முகாமிடுவார்கள். பள்ளிக்கூடங்கள் நிவாரண முகாம்களாகும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, முன்கூட்டியே மக்களை அப்புறப்படுத்தியதால் பல உயிர்கள் தப்பின. அந்தப் புயல் டெல்டாவோடு நிற்காமல் திண்டுக்கல் மாவட்டம் வரை வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. ஆனாலும் அந்த மாவட்டத்தின் கொடைரோடு வட்டாரத்தைத் திரும்பத் திரும்ப நொடித்துப்போக வைக்கும் பேரிடர் காற்றோடு வருவதில்லை. மழை பொய்க்கும்போது வருகிறது. அதற்குக் கூண்டு ஏற்ற ஆளில்லை.

மத்திய அரசின் பேரிடர் நிவாரணப் பட்டியலில் புயல், வெள்ளம், சுனாமி, நிலநடுக்கம் ஆகியவற்றோடு வறட்சியும் இருக்கிறது. பெயருக்கு இருக்கிறது. புயலையும் வெள்ளத்தையும் உள்துறை அமைச்சகம் கவனிக்க, வறட்சியை வேளாண் அமைச்சகத்தின் கோப்புகள் கவனிக்கின்றன. வெள்ளம் வடிவதற்குள் நிவாரணம் அறிவிக்கப்படுகிறது. வறட்சிக்கோ, பயிர் கருகி, மாடு விற்று, கடன் வாங்கி, ஊரே பாதி காலியான பிறகு ஆய்வுக் குழு வருகிறது. இந்தத் தாமதத்தை இயற்கையின் கணக்கில் எழுத முடியாது.

கொடைரோட்டின் நிலத்தைப் பார்த்தாலே சிக்கல் புரியும். மேற்கே நிற்கும் கொடைக்கானல் மலை தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தைப் பிழிந்து எடுத்துக்கொள்கிறது. கிழக்கே சிறுமலை. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் இந்தச் சமவெளி நம்பியிருப்பது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையைத்தான். ஆற்றுப் பாசனமும் பக்கத்தில் இருந்தும் இல்லாத கதை. நிலக்கோட்டை வட்டாரத்தில் உள்ள பேரணையில்தான் பெரியாறு பிரதானக் கால்வாய் தலைப்பிடிக்கிறது; தண்ணீர் வாடிப்பட்டி, மதுரை, மேலூர் என்று பள்ளம் பார்த்துப் போய்விடுகிறது. மேட்டில் இருக்கும் கொடைரோட்டுத் தோட்டங்களுக்குக் குளமும் கிணறும்தான் கதி. அந்த நம்பிக்கையில்தான் சிறுமலை அடிவாரத்தில் பன்னீர் திராட்சைப் பந்தல்கள் நிற்கின்றன. நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை போகிறது.

2016-இல் அந்த ஒரே நம்பிக்கையும் போனது. வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைக்க வேண்டிய மழை சுமார் 440 மில்லிமீட்டர். அந்த ஆண்டு பெய்தது 168 மில்லிமீட்டர். நவம்பரிலேயே நிலைமை தெரிந்துவிட்டது. மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் அறிவித்தது 2017 ஜனவரி 10 அன்று. தமிழ்நாடு கேட்ட மத்திய உதவி 39,565 கோடி ரூபாய்; வறட்சிக்கென்று ஒப்புதலானது 1,748 கோடி. டெல்லி ஜந்தர் மந்தரில் நம் விவசாயிகள் மண்டையோடுகளை முன்னால் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்ததை நாடே வேடிக்கை பார்த்தது.

நிவாரணத் தொகையைப் பிரித்துப் பார்த்தால்தான் அநியாயம் முழுதாகத் தெரியும். நெல்லுக்கும் இதர இறவைப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிக்கு 3,000 ரூபாய், நீண்டகாலப் பயிர்களுக்கு 7,287 ரூபாய் என்று அப்போது நிர்ணயித்தார்கள். நெல் கருகினால் ஒரு போகம் போச்சு. அடுத்த மழைக்கு மறுபடி நாற்றுவிடலாம். திராட்சைக் கொடி காய்ந்தால், தென்னை மொட்டையானால், போவது ஒரு போகமா? தென்னங்கன்று பாளை விட ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். திராட்சைக்குப் பந்தல் போட்ட கடன் கொடி செத்தாலும் சாகாது. ஆயிரம் அடிக்கு ஒரு போர் போட லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும் ஊரில், ஏக்கருக்கு ஏழாயிரத்துச் சொச்சத்தை நீட்டுவதற்குப் பெயர் நிவாரணமா? விடிகாலையில் மல்லிகை பறித்து அன்றன்றைக்குக் கூலி வாங்கும் பெண்களின் பெயரோ அந்தக் கணக்கிலேயே வராது. நிலம் இல்லாதவருக்குக் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் இடமில்லை. அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் நூறு நாள் வேலை நூற்றைம்பது நாளாகும் என்ற அறிவிப்புதான்.

இதற்கிடையில் வறட்சியை அறிவிக்கும் விதி தளர்ந்ததா என்றால், இறுகியது. 2016 மே 11 அன்று சுவராஜ் அபியான் வழக்கில், வறட்சியை ஒப்புக்கொள்ளத் தயங்கும் மாநிலங்களை உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. வறட்சி மேலாண்மைக் கையேட்டை ஆண்டு முடிவதற்குள் திருத்தி எழுதச் சொன்னது. மத்திய அரசும் திருத்தியது. மழைக் குறைவு போதாது, மண்ணின் ஈரம், செயற்கைக்கோள் காட்டும் பயிர்நிலை, நீர்நிலை அளவு எல்லாம் பொருந்தி வர வேண்டும், கிராமங்களில் பத்து சதவீதத்தில் கள ஆய்வு நடக்க வேண்டும், முடிவில் 'கடுமையான வறட்சி' என்று தேறினால்தான் தேசிய நிதி என்று புதிய கையேடு சொன்னது. காரிஃப் வறட்சியை அறிவிக்கக் கடைசி நாள் அக்டோபர் 30. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயத்தில் அந்தக் கணக்கு முடிகிறது. ராபி வறட்சிக்கு மார்ச் 31 வரை அவகாசம். அதற்குள் கொடைரோட்டில் வெயில் ஏறிப் பந்தல் சருகாகியிருக்கும். வடநாட்டுப் பருவத்துக்குத் தைத்த சட்டை தமிழ்நாட்டுக்குப் பொருந்தவில்லை.

டெல்லியைக் குறை சொல்லிவிட்டு சென்னை தப்பிக்க முடியாது. மழை குறைவது இயற்கை. மழை குறைந்த அடுத்த மாதமே கிணறு வற்றுவது நாம் செய்து வைத்தது. போட்டி போட்டு ஆழத்துக்குப் போகும் போர்களைக் கட்டுப்படுத்த 2003-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றப்பட்டது. பத்து ஆண்டுகள் நடைமுறைக்கு வராமலே கிடந்து, 2013-இல் ரத்தானது. அதைக் கொண்டுவந்ததும் கைவிட்டதும் ஒரே கட்சியின் ஆட்சி. எதிர்க்கட்சிகளும் பெரிதாகக் கண்ணீர் விடவில்லை. 2017-இல் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது நல்ல காரியம்தான். ஆனால் குளத்துக்குள் மண் அள்ளியவர்கள் வரத்து வாய்க்காலை எட்டிப் பார்த்தார்களா? சிறுமலையிலிருந்து இறங்கும் ஓடைகள் குளத்தைச் சேரும் வழியில் ரயில் பாதையும் நான்குவழிச் சாலையும் குறுக்கே கிடக்கின்றன. ஓடையின் அகலத்துக்கு ஏற்ற பாலங்கள் இருக்கின்றனவா, எத்தனை வாய்க்கால்கள் வரைபடத்தில் மட்டும் உயிரோடு இருக்கின்றன என்று நீர்வளத் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து அளந்து வெளியிட வேண்டும்.

இந்த மண்ணுக்குப் பஞ்சம் புதிதல்ல. 1875-இல் திருச்சி–மதுரை ரயில் பாதை திறந்தபோது கொடைரோடு நிலையத்தின் பெயர் அம்மையநாயக்கனூர். மறு ஆண்டே தாது வருடப் பஞ்சம். ரயில் வந்த பிறகும் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். தானியத்தைச் சுமந்த தண்டவாளம் வாங்கக் காசில்லாதவனுக்கு உதவவில்லை. அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் பஞ்ச விதித்தொகுப்பு எழுதப்பட்டது. நெடுநாள் கிடப்பில் இருந்த பெரியாறு அணைத் திட்டம் உயிர்பெற்று 1895-இல் நிறைவேறியது. குடிமக்கள்மீது பாசம் பொழிந்த அரசல்ல அன்றைய ஆங்கிலேய அரசு. ஆனாலும் தானிய விலை ஏறுகிறதா, சனங்கள் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்களா என்று பார்த்து முன்கூட்டியே வேலையைத் தொடங்கு என்று தன் கலெக்டர்களுக்கு எழுதிவைத்தது. இன்றைய கலெக்டருக்கு அதைவிட நல்ல தடயங்கள் உண்டு: சந்தையில் சரியும் மாட்டு விலை, தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி, வற்றிய போர்களின் ஆழம். வருவாய் ஆய்வாளர் ஒரு நாள் சுற்றி வந்தால் தெரிந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் 31 அன்று கணக்கில் முடிகிறது. ஜனவரி 15-க்குள் ஒவ்வொரு பிர்காவின் மழை அளவையும் நிலத்தடி நீர்மட்டத்தையும் வெளியிட்டு, வறட்சி என்றால் வறட்சி என்று மாவட்ட நிர்வாகமே அறிவிக்கும் அதிகாரத்தைத் தமிழக அரசு சட்டமாக்க வேண்டும். தென்னைக்கும் திராட்சைக்கும் மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துத் தரும் இழப்பீடு வேண்டும். நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு நேரடி உதவித்தொகை வேண்டும். மத்தியக் கையேட்டின் தேதிகளை வடகிழக்குப் பருவத்துக்கு ஏற்ப மாற்றச் சொல்லி நமது எம்.பி.க்கள், கட்சி பார்க்காமல், நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். அடுத்த முறை மழை பொய்ப்பதற்கு முன்பே இது நடக்க வேண்டும்.