ஆறு வாரத்துக்குள் கண்டறியுங்கள்: தென்னேரி நெசவுக் குடும்பங்களின் கோரிக்கைச் சாசனம்

காஞ்சிபுரம் மாவட்ட ஆட்சியருக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், தென்னேரி வட்டாரப் பட்டு நெசவுக் குடும்பங்கள் முன்வைப்பது:

பாவு பிணைப்பதும் அறுந்த இழையை முடிபோடுவதும் விரல் வேலை. முடக்குவாதம் பெரும்பாலும் முதலில் பிடிப்பதும் விரல்களைத்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வரும் நோய் இது. தொடக்கத்திலேயே தக்க மருந்து கொடுத்தால் மூட்டு கோணாமல் காக்க முடியும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. அறிந்ததைச் செய்வதில் ஏன் தாமதம்?

1. விரல்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். 'தறி வேலைன்னா வலிக்கத்தான் செய்யும்' என்று வலி மாத்திரையோடு அனுப்பிவைப்பது நிற்கட்டும். உழைப்பால் வரும் வலி ஓய்வெடுத்தால் தணியும். முடக்குவாதத்திலோ ஓய்ந்து எழும்போதுதான் கை விறைக்கும், காலையில் ஒரு மணி நேரமானாலும் விரல் மடங்காது. இரு கைகளிலும் மணிக்கட்டு, விரல்களின் அடிக்கணு, நடுக்கணு வீங்கும். நகத்தை ஒட்டிய கணு பெரும்பாலும் தப்பிவிடும். அடிக்கணுக்களைச் சேர்த்து மெல்ல அழுத்திப் பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாதமே தொடங்கலாம்.

2. வீட்டுக்கு வரும் ஊழியர் மூட்டைப் பற்றியும் கேட்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் எங்கள் வாசலுக்கே வருகிறது. காலை விறைப்பு உண்டா, கணுக்கள் வீங்கியுள்ளனவா, எத்தனை வாரமாக? இந்த மூன்று கேள்விகளையும் அதே பதிவேட்டில் சேர்த்தால் போதும். வலியை மறைத்துக்கொண்டு தறியில் உட்காருபவர்களை வேறு வழியில் எட்ட முடியாது.

3. நான்கு இரத்தப் பரிசோதனைகளும் கட்டணமின்றி வேண்டும். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும், ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இரண்டும் நோயை அடையாளம் காண உதவும். இரத்தத்தை இங்கேயே எடுத்து மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பி, ஒரு வாரத்தில் முடிவைத் தர வேண்டும். தனியார் ஆய்வகத்துக்குக் கூலியிலிருந்து பணம் சேரும்வரை நோய் காத்திருக்காது.

4. ஒற்றைத் தாளை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முடக்குவாதம் உள்ளவர்களில் பத்தில் இரண்டு மூன்று பேருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் தென்படாது, முதியவர்களுக்கும் காசநோயாளிகளுக்கும் முடக்குவாதம் இல்லாமலே அது தென்படலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரே பெரும்பாலும் மாற்றம் எதையும் காட்டாது. சிக்குன்குனியாவுக்குப் பின் நீடிக்கும் மூட்டுவலியும் இதைப் போலவே தோன்றும். அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் வல்லுநர்கள் 2010-இல் வகுத்த அளவுகோல் மூட்டுகளின் எண்ணிக்கை, இரத்தக் குறிகள், அழற்சி, ஆறு வார நீடிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து 10-க்கு 6 புள்ளி கேட்கிறது. அதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு மருத்துவர் மேசையிலும் வையுங்கள்.

5. காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனையில் வாரம் ஒரு குறித்த நாளில் வாதநோய் வல்லுநர் எங்களைப் பார்க்க வேண்டும். 2019-இல் மாவட்டம் பிரிந்தபோது அரசு மருத்துவக் கல்லூரி செங்கல்பட்டோடு போய்விட்டது. சென்னைக்குப் போய்வந்தால் நோயாளியின் கூலியோடு துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. வீக்கம் தொடங்கிய ஆறு வாரத்துக்குள் வல்லுநர் பார்க்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். எங்கள் விரல்களுக்கும் அதே கெடுதான்.

ஐந்துக்கும் பொறுப்பு அதிகாரி யார், தொடங்கும் நாள் எது என்பதை எழுத்தில் தாருங்கள். அடுத்த கிராமசபையில் அதை வாசித்துத் தீர்மானமாகப் பதிவுசெய்வோம். அதற்கடுத்த கிராமசபையில் நடந்ததையும் நடக்காததையும் வரிசையாகக் கேட்போம்.