ஏட்டில் இருந்த உரிமை

நுழையும்முன்

திரையில் ஒளிரும் கலைஞரின் புகழை உலகம் அறியும். அவரும் ஓர் உழைப்பாளர் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. தாம் பணியாற்றிய நிறுவனத்தின்மீதே வழக்குத் தொடுத்து, உழைப்பாளரின் உரிமையை நிலைநாட்டிய அமெரிக்க நடிகை ஒருவரைப் பற்றியது இவ்வுரைநடை.

புகழும் பிணைப்பும்

ஒலிவியா டி ஹாவிலண்ட் 1916ஆம் ஆண்டு டோக்கியோவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்து, கலிபோர்னியாவில் வளர்ந்தவர். 1935இல் வெளிவந்த 'கேப்டன் பிளட்' அவரைப் புகழ்பெறச் செய்தது. 1939இல் 'கான் வித் த விண்ட்' படத்தில் மெலனி என்னும் பாத்திரத்தை ஏற்று, தம் நடிப்பின் ஆழத்தை உணர்த்தினார். ஆயினும், அவரைப் பணியமர்த்தியிருந்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனம், நாயகனின் காதலியாக வந்துபோகும் பாத்திரங்களையே பெரிதும் அளித்துவந்தது.

அக்காலத்தில் ஹாலிவுட் நடிகர்கள் நீண்டகால ஒப்பந்தங்களால் பிணைக்கப்பட்டிருந்தனர். அளித்த பாத்திரத்தை மறுப்பவர் ஊதியமின்றி நிறுத்திவைக்கப்படுவார்; அந்நாள்கள் ஒப்பந்தக் காலத்துடன் கூட்டப்படும். ஒலிவியா 1936இல் செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தம் 1943இல் முடிவுற்றது. நிறுவனமோ, அவர் நிறுத்திவைக்கப்பட்ட ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு மேலும் பணியாற்ற வேண்டும் என்றது.

வழக்கும் வெற்றியும்

எவரையும் ஏழாண்டுகளுக்கு மேல் பணி ஒப்பந்தத்தால் கட்டாயப்படுத்தலாகாது என்னும் சட்டம் கலிபோர்னியாவில் முன்னரே இருந்தது. ஏழாண்டு என்பது உழைத்த நாள்களின் கூட்டுத்தொகையா, நாள்காட்டியின் ஏழாண்டா என்பதே வழக்கின் மையம். இதே நிறுவனத்துடனான வழக்கில், பெட்டி டேவிஸ் என்னும் புகழ்மிக்க நடிகை 1936இல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் தோற்றிருந்தார். அதனை அறிந்தும் ஒலிவியா தயங்கவில்லை. வழக்கு நடந்த காலத்தில் பிற நிறுவனங்களும் வாய்ப்பளிக்காததால், திரைப்பணியின்றிக் காத்திருந்தார். கீழமை நீதிமன்றமும், 1944இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நாள்காட்டியின் ஏழாண்டே எனத் தீர்ப்பளித்தன. மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

எது முறை?

பொருள் செலவிட்டு வளர்த்த நிறுவனத்திற்கு நடிகர் கட்டுப்படுவதுதானே முறை எனச் சிலர் வினவலாம். ஒப்புக்கொண்ட பணியைச் செய்தல் கடமையே. ஆனால், பணியாற்றாத நாளுக்கு ஊதியத்தை மறுத்தபின், அந்நாளையும் கணக்கில் கூட்டுவது ஒரே செயலுக்கு இருமுறை தண்டிப்பதாகும். மறுக்குந்தோறும் நீளும் ஒப்பந்தத்திற்கு முடிவு ஏது? முடிவில்லாத ஒப்பந்தம் அடிமைத்தனத்தின் மறுபெயரே.

விடுதலைக்குப்பின் தம் விருப்பம்போல் பாத்திரங்களைத் தேர்ந்த ஒலிவியா, 'டு ஈச் ஹிஸ் ஓன்' (1946), 'தி ஏர்ஸ்' (1949) ஆகிய படங்களுக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதை இருமுறை பெற்றார். நிறுவனம் காணத் தவறிய திறனை அவ்விருதுகள் உலகிற்குக் காட்டின. எனினும், 2020ஆம் ஆண்டு தம் 104ஆம் அகவையில் மறைந்த அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் அவ்விருதுகள் அல்ல. இன்றும் 'டி ஹாவிலண்ட் சட்டம்' என வழங்கும் அவ்வுரிமையே ஆகும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். சட்டமும் அத்தகையதே. இழப்புக்கு அஞ்சாமல் ஒருவர் கேட்டபோதுதான், ஏட்டில் இருந்த உரிமை எல்லார்க்கும் பயன்பட்டது.